மாலை ஆறுக்கு மேல் நாளை

1975 ஜூலை 19, சனி, வாகே: 9 + 4 = 13
1978 ஜூன் 8, வியாழன், வாகே: 8 + 4 = 12
கூட்டுத்தொகை 25. எட்டால் வகுக்க மீதி 1.
1978 ஜூன் 8, அந்திக்குப் பின்; ஆகவே வெள்ளி, கிளிவோன்: 6 + 8 = 14
கூட்டுத்தொகை 27. எட்டால் வகுக்க மீதி 3.

முதல் தேதி குஸ்பிரியாந்தோ என்ற குஸ் பிறந்தது. அடுத்தது முர்தானிங்சி என்ற நிங் பிறந்தது. மீதி ஒன்று வந்தால் பெகாட், அதாவது பிரிவு. மூன்று வந்தால் ஜோடோ. அதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை, காதில் விழும்போதே ஜோடி சேர்ந்துவிடுகிறது. ஏழு நாள் வாரத்தின் கிழமைக்கு ஓர் எண், ஐந்து நாள் சந்தைச் சுற்றின் நாளுக்கு ஓர் எண். இரண்டையும் கூட்டி, மணமக்களை எட்டால் வகுத்துப் பார்க்கும் வழக்கம் சலாத்திகாவில் இன்னும் போகவில்லை. கணினிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் இதில் நம்பிக்கை கிடையாது. ஆகவே அவர்கள் கணினியில் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

2006ஆம் ஆண்டு குஸ் பெண் கேட்டுப் போனபோது, கணக்குப் போட்டவர் நிங்கின் பெரிய மாமா, அந்த ஊர்ப் பேச்சில் பாக்டே, ஹர்ஜோசுவித்தோ. பென்சிலை வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"இருபத்தஞ்சு, லே. மீதி ஒண்ணு. பெகாட். காப்பியைக் குடிச்சிட்டுக் கெளம்பு."

குஸ் காப்பியைத் தொடவில்லை. "பாக்டே, நிங் எத்தனை மணிக்குப் பொறந்தா?"

"சாயங்காலம்."

"பாங்குக்கு முன்னாடியா, அப்புறமா?"

உள்ளே இருந்து நிங்கின் அம்மா குரல் கொடுத்தாள். "பாங்கு ஓஞ்சப்புறந்தான் மருத்துவச்சி கையைக் கழுவினா!"

"அப்ப அது வியாழன் இல்ல, பாக்டே. பொழுது சாஞ்சா அடுத்த நாள் பொறந்தாச்சே. வெள்ளி கிளிவோன். இருபத்தேழு. மீதி மூணு."

"வெள்ளி கிளிவோனா? பேய் உலாத்துற நாளாச்சேடா!"

"பேயோட குடித்தனம் பண்ணிடலாம், பாக்டே. பெகாட்டோடதான் முடியாது."

உள்ளே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள். அது நிங். பெரிய மாமா சிரிக்கவில்லை. "வாயால சொன்னா ஆச்சா? கம்ப்யூட்டர்ல போட்டு, காயிதத்துல எடுத்துட்டு வா" என்றார். மூதாதையர் கணக்குக்கு அச்சுப்பொறியின் சான்று கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

குஸ் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரே சரக்கு. அதன் பெயர் லும்புங், நெற்குதிர் என்று பொருள். சந்தைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான மென்பொருள் அது. கடை வாடகை, மாட்டுச் சந்தை வரி, உறுப்பினர் கடன், சம்பளம், விடுப்பு எல்லாம் ஒரே குதிருக்குள் கிடந்தன. எலியும் உள்ளேதான் இருக்கும் என்பது குதிரோடு பிறந்த நியதி.

அந்தக் குதிருக்குள் தித்திபான் என்று ஒரு மூலை. நம் காதுக்கு இனிப்புப் பலகாரம்போலக் கேட்கும். உண்மையில் 'ஒப்படைத்து வைத்தது' என்று பொருள். யாராவது தெருமுனைக்கு மெண்டோவான், அதாவது சோயாத் தெம்பே பஜ்ஜி, வாங்கக் கிளம்பினால், ஆறு பேர் தலையை நிமிர்த்தாமலேயே "எனக்கும் தித்திப்" என்பார்கள். கிளம்பியவர் மறுக்க முடியாது. தனக்கு ஒன்று வாங்கப் போனவர் இருபத்திரண்டு துண்டு தெம்பேயோடும், மறந்துபோன மிளகாய்க்கு ஏச்சோடும் திரும்புவார். நிரல் எழுதும்போதும் அதே பழக்கம்தான். எங்கே வைப்பது என்று தெரியாத துண்டையெல்லாம் தித்திபானில் போட்டு, மேலே ஒரு வரி எழுதிவிடுவார்கள்: 'மன்னிக்கவும், கொஞ்ச நேரம் மட்டும்.' அந்தக் கொஞ்ச நேரங்களில் மூத்ததற்கு இப்போது வாக்களிக்கும் வயது.

குஸும் மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நேரம் மட்டும் ஒரு துண்டை வைத்தான். அதன் பெயர் 'இன்று'. இன்று என்ன தேதி, என்ன கிழமை, சந்தைச் சுற்றில் என்ன நாள் என்று அது சொல்லும். மாலை ஆறு அடித்துவிட்டால் நாளைக்கு உரியதைச் சொல்லும். காகிதம் அச்சாகி வந்தது: மீதி மூன்று. கல்யாணம் நடந்தது. காகிதத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். துண்டை எடுத்துவிட மட்டும் யாருக்கும் நினைவில்லை.

மாட்டுச் சந்தைகள் ஐந்து நாள் சுற்றின் போன் நாளிலோ வாகே நாளிலோதான் கூடும். ஆகவே சந்தை நாள் தெரிந்த ஒரு 'இன்று' தித்திபானில் சும்மா கிடக்கிறது என்று தெரிந்ததும், ஒவ்வொருவராக அதை எடுத்துப் புழங்கத் தொடங்கினார்கள். இருக்கிற இன்றை விட்டு, இன்னோர் இன்றை எவன் எழுதுவான்? சந்தை நண்பகலுக்குள் கலைந்துவிடும். ஆறு மணிக்கு மேல் லும்புங்கைத் தொட ஆளில்லை. அப்படியே தொட்டவர்கள் தேதி ஒரு நாள் முந்தி ஓடுவதைக் கண்டார்கள். கண்டும் குஸிடம் சொல்லவில்லை. ஒருவர் தவறை அவர் முகத்துக்கு நேரே சொல்வது இந்த ஊரில் தவறைவிடப் பெரிய தவறு. அவரவர் பகுதியில், ஆறு மணிக்கு மேல் ஒரு நாளைக் கழித்துக்கொண்டார்கள். மரியாதையும் கெடவில்லை, கணக்கும் கெடவில்லை. இப்படி ஒரு தவறும் அதைத் தாங்கப் பத்துத் திருத்தங்களும் சேர்ந்து, பதினேழு ஆண்டு சரியான விடையைத் தந்துகொண்டிருந்தன.

2017இல் நிங்குக்குப் பாலிக்பாப்பனில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் நல்ல வேலை கிடைத்தது. கம்பெனிக்கும் அங்கே ஒரு கிளை உண்டு. குஸ் மாற்றல் கேட்டான். 'லும்புங் உங்களைச் சார்ந்திருக்கிறது' என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டும் கேட்டான், அதே பதில் வந்தது; தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். பொறுப்பில் உள்ள பகுதியை வேறொருவர் கையெழுத்திட்டு ஏற்காமல் யாரும் இடம் மாறக்கூடாது என்பது விதி. தித்திபானை ஏற்கக் கையெழுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் கணவனும் மனைவியும் சந்தித்துக்கொண்டார்கள். ஜோடோ என்று கணினி அச்சிட்டுக் கொடுத்த ஜோடி அது.

2023 மார்ச்சில் ஜகார்த்தாவிலிருந்து இயக்குநர் திகோர் ஹுத்தாசோயிட் வந்தார். பத்தாக் இனத்தவர், மனதில் உள்ளது வாயில் வரும், சில சமயம் மனதுக்கு முந்தியே வந்துவிடும்.

"இந்தக் குதிரை உடைக்கப் போறோம்" என்றார். "பதினோரு பகுதி. ஒண்ணு இன்னொண்ணை நம்பி நிக்கக் கூடாது. ஏதாச்சும் வேணும்னா வாசல்ல நின்னு கேக்கணும். அடுப்படிக்குள்ள பூந்து சட்டியைத் தெறக்கிற வேலை இனிமே கெடையாது. குஸ், உனக்குப் பாலிக்பாப்பன் போகணும்ல?"

"ஆறு வருஷமா, பாங்." பத்தாக்காரரை அண்ணன் என்பது அப்படித்தான்.

"அங்க ஒரு எடம் காலியாகுது. செப்டம்பர் முப்பது வரைக்கும் உனக்குன்னு வச்சிருக்கேன். அதுக்குள்ள உடைச்சு முடி. நான் கையெழுத்துப் போடுறேன். முப்பது தாண்டுச்சு, வேற ஆளு."

உடைப்பது ஒரு பிற்பகலில் முடிந்தது. பலகையில் பதினோரு கட்டம் வரைந்தார்கள், கைதட்டினார்கள், தும்பாங் கோயோர் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். இயக்குநர் விமானம் ஏறினார். பிறகு வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகாத வூரியாந்தாரி, எந்தப் பகுதி எதைச் சார்ந்திருக்கிறது என்று அம்புக்குறி போடத் தொடங்கினாள். பதினோரு கட்டத்திலிருந்தும் அம்பு தித்திபானுக்குப் போயிற்று. தித்திபானிலிருந்து ஓர் அம்பு வசூல் பகுதிக்குத் திரும்பி வந்தது. வசூல் இல்லாமல் தித்திபான் நிற்காது. தித்திபான் இல்லாமல் வசூல் நிற்காது. தோளோடு தோள் சாய்ந்து வீடு திரும்பும் இரண்டு குடிகாரர்கள். பிரித்துவிட்டால் இருவரும் சாக்கடையில்.

"பாக் குஸ், இதை உடைக்கவே வேணாம்போல" என்றாள் வூரி. "ஏற்கெனவே ஒடைஞ்சதை இந்த இடியாப்பச் சிக்கல்தான் கட்டி வச்சிருக்கு."

குஸ் ஊர் வழக்கப்படியே ஒரு வழி கண்டான். ஒப்படைத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது. வசூல் பகுதியின் ஹத்மோவிடம் முதலில் போனான். அந்த ஊரில் மஸ் என்றால் அண்ணன், மனைவி கணவனை அழைப்பதும் அப்படித்தான்.

"மஸ் ஹத்மோ, இந்தச் சில்லறை முழுசாக்குற துண்டு உங்களுது. 2011ல வச்சீங்க."

"என்னுதா? அட, கொஞ்ச நேரம்னுதானே போட்டேன்."

"ஆமா. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"கெட்டாப் போச்சு? இன்னும் வேலை செய்யுதுல்ல?"

"வேலை செய்யுது. அதான் எடுத்துக்கங்கன்னு சொல்றேன்."

"வேலை செய்யுறதை எதுக்கு நகத்தணும், மஸ்? மெண்டோவான் வாங்கப் போறீங்களா? எனக்கு ரெண்டு தித்திப்."

குஸ் மெண்டோவான் வாங்கி வந்து, அதோடு சேர்த்துத் துண்டையும் ஹத்மோ கையில் வைத்தான். வாயில் தெம்பே இருக்கும்போது யாராலும் மறுக்க முடிவதில்லை. இந்த உத்தியில் இரண்டு மாதத்தில் தித்திபான் காலியாயிற்று. குஸின் காலை உணவுச் செலவு மும்மடங்காயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு துண்டு. அவன் வைத்த 'இன்று'.

அதை ஒருவரிடமும் கொடுக்க முடியாது, எல்லோருக்கும் வேண்டும். அதைத் திருத்திவிடலாம் என்று தீர்மானித்தான். தித்திபான் இரண்டாம் பதிப்பு: நாள் இனி நள்ளிரவில்தான் மாறும். பதினோரு பகுதிப் பொறுப்பாளருக்கும் எழுதினான்: ஜூன் 12க்குள் புதிய பதிப்புக்கு மாறுங்கள், கூடவே, ஆறு மணிக்கு மேல் நீங்கள் கழித்துவந்த ஒரு நாளை நீக்கிவிடுங்கள். அன்றே எல்லோரிடமிருந்தும் ஒரே சொல்லில் பதில் வந்தது. "சியாப்."

சியாப் என்றால் தயார். செய்துவிட்டேன் என்று பொருளல்ல, செய்வேன் என்றும் பொருளல்ல. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, இத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்று பொருள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கும் குஸுக்கு இது தெரியாததல்ல. ஆனால் பாலிக்பாப்பன் கண்ணில் நிற்கிறவனுக்குச் சியாப் வேறு மாதிரிக் கேட்கும்.

"எல்லாரும் சியாப் சொல்லிட்டாங்க, நிங்" என்று தொலைபேசியில் குதித்தான்.

"பதினோரு சியாப்பா? அப்ப ஒண்ணும் நடக்கல" என்றாள் நிங். "எங்க ஆய்வகத்துலயும் சொல்லுவாங்க. ரத்தம் மட்டும் அப்படியே மேசையில இருக்கும்."

ஜூன் 24, குர்பான் பெருநாளுக்கு முந்தைய வாரம். மாட்டுச் சந்தைகள் தினமும், இருட்டும்வரை நடந்தன. ஆறரை மணிக்கு ஒரு சங்கத் தலைவர் குஸைக் கூப்பிட்டார்.

"மஸ், உங்க லும்புங் சீட்டு குடுத்திருக்கு. மாடு நாளைக்கு வித்துச்சாம். அதுக்கு வரி நேத்தே கட்டியாச்சாம். மாடு என்னமோ இப்ப என் எதுத்தாப்புல லாரியில நின்னு மூத்திரம் பேயுது. இது எந்த நாள் மாடு?"

விற்பனைப் பகுதிக்காரர் தம் திருத்தத்தை நீக்கிவிட்டு, பழைய பதிப்பிலேயே இருந்தார். அதனால் நாளை. ஹத்மோ புதிய பதிப்புக்கு மாறிவிட்டு, திருத்தத்தை நீக்காமல் விட்டிருந்தார். அதனால் நேற்று. இருவரும் சொன்ன வேலையில் சரிபாதி செய்திருந்தார்கள். இருவரையும் சேர்த்தால் ஒரு முழு வேலை முடிந்திருந்தது. ஒரே குதிராக இருந்தபோது எல்லோருக்கும் ஒரே பழைய இன்று. பிரித்த பிறகு யார் எந்த இன்றில் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே தெரியவில்லை.

ஜகார்த்தாவிலிருந்து திகோர் கத்தியது தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். வழி சொன்னது வூரி. ஒவ்வொரு பகுதியும் தனக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று தன் நெற்றியில் எழுதிக்கொள்ள வேண்டும். அது இரண்டாம் பதிப்பு இல்லையென்றால், அல்லது பழைய கழித்தல் இன்னும் உள்ளே இருந்தால், அந்தப் பகுதியின் நிரலை மாற்றி மறுபடி கட்டும்போதே இயந்திரம் மறுத்துவிடும்.

"மனுசங்க சியாப் சொல்லுவாங்க, பாக். இயந்திரத்துக்கு அந்த வார்த்தை தெரியாது" என்றாள்.

பொறுப்பாளர்கள் புதிதாக எதையாவது மாற்றிக் கட்டப்போன ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டார்கள். முணுமுணுத்தபடியே திருத்தினார்கள். செப்டம்பர் 20க்குள் பத்துப் பகுதிகள் ஒரே இன்றுக்கு வந்தன. மாடுகள் விற்ற நாளிலேயே விற்கப்பட்டன. குஸ் இரண்டு பெட்டி எந்திங் கெப்புக் வாங்கி வைத்தான். பாலிக்பாப்பனில் வேர்க்கடலை மிட்டாய் கிடைக்காது என்பதல்ல, வெறுங்கையோடு போகக்கூடாது.

பதினோராவது பகுதியை எவரும் நினைக்கவில்லை. அது ஊழியர் பகுதி: விடுப்பு, மாற்றல், நியமனம். எந்தச் சங்கமும் அதை வாங்கியதில்லை, கம்பெனி மட்டும் தன் சொந்த ஆட்களுக்குப் பயன்படுத்தியது. நான்கு ஆண்டுகளாக அதில் ஒரு வரி மாறவில்லை. ஆகவே யாரும் மறுபடி கட்டவில்லை. ஆகவே எந்த இயந்திரமும் அதை மறுக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் யாரும் விடுப்புக் கேட்டதில்லை என்பதால் அதில் கழித்தலும் கிடையாது. அது நிம்மதியாகப் பழைய இன்றிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது. அதன் பொறுப்பாளர் குஸ்பிரியாந்தோ. ஜூன் மாதம் வந்த பதினோரு சியாப்களில் கடைசியானது அவன் தனக்கே எழுதிக்கொண்டது.

செப்டம்பர் 30, சனிக்கிழமை. திகோர் நாள் முழுவதும் கூட்டத்தில் இருந்தார். வீடு திரும்பும் வழியில், ஜகார்த்தா நெரிசலில் நின்ற காரிலிருந்து, மாலை ஆறு பத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஆறு பதினொன்றுக்கு ஊழியர் பகுதி குஸுக்குக் கடிதம் அனுப்பியது. 'ஒப்புதல் கிடைத்த நாள்: அக்டோபர் 1. இந்த இடத்துக்கான கடைசி நாள் கடந்துவிட்டது. மாற்றல் மறுக்கப்படுகிறது.' கீழே, 'இது இயந்திரம் அனுப்பிய கடிதம், பதில் எழுத வேண்டாம்.' அந்த வரியையும் அவன்தான் எழுதியிருந்தான்.

அவன் நிங்கைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"மஸ், இது நம்ம 'இன்று'தானே? கல்யாணத்து இன்று?"

"அதேதான்."

"மேல்முறையீடு எழுதுங்க. சனிக்கிழமை ஆறு பத்து சனிக்கிழமைதான்னு எழுதுங்க."

"எழுதலாம். ஆனா..."

"என்ன ஆனா?"

"பொழுது சாஞ்சாலும் அதே நாள்தான்னு என் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டா, நீ வியாழன் வாகே ஆயிடுவே, நிங். இருபத்தஞ்சு. மீதி ஒண்ணு."

"அடப்பாவி மனுசா! ஆறு வருசமா நான் ஒரு தீவுல, நீங்க ஒரு தீவுல. மீதி மூணு வந்து நமக்கு என்னத்தக் கிழிச்சிச்சு?"

"பாக்டே காதுக்குப் போச்சுன்னா..."

"பாக்டே போய்ச் சேந்து எட்டு வருசம். இங்க ஃப்ரிட்ஜுக்கு மேல உங்க காயிதம் தொங்குது. அதைக் கழட்டணுமா, வேணாமா, அதைச் சொல்லுங்க."

"வேணாம். வேணாம்."

"அப்பக் கேளுங்க. ஆபீசுக்கு நடுராத்திரி. வீட்டுக்குச் சாயங்காலம். ரெண்டும் வேற வேற. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுனது யாரு?"

"கொஞ்ச நேரம்னுதான் போட்டேன்."

"நல்லாப் போட்டீங்க. எழுதுங்க."

குஸ் எழுதினான். பதினோரு பகுதிகளையும் ஆறு மாதம் பிரித்தவனுக்கு, பிரிக்க வேண்டிய முதல் இரண்டு எவை என்று அப்போதுதான் புரிந்தது. கம்பெனியின் நாள் நள்ளிரவில் முடிகிறது என்றும், ஊழியர் பகுதியின் பழைய பதிப்பு தன் பிழை என்றும் எழுதினான். அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. அது வேறு பகுதியின் விவரம். ஞாயிற்றுக்கிழமை ஊழியர் பகுதியைப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கட்டினான். திங்களன்று வூரி அதைக் கையெழுத்திட்டு ஏற்றாள். சியாப் என்று சொல்லவில்லை, பேனாவை எடுத்தாள்.

தித்திபானை மட்டும் அவளும் ஏற்கவில்லை. "எதை வேணாலும் குடுங்க, பாக். அந்தப் பேர்ல ஒண்ணு என் கணக்குல இருந்தா, நாளைக்கே ஆறு பேரு வந்து அதுல எதையாச்சும் வச்சிட்டுப் போவாங்க."

திகோரிடமிருந்து மூன்று நாள் பதில் இல்லை. குஸ் மிட்டாய்ப் பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தான். நான்காம் நாள் காலை அதுவும் காலி.

பிறகு கடிதம் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது, பாலிக்பாப்பனில் உடனே சேரலாம். தித்திபானை ஏற்க ஆளில்லாததால் அந்தப் பொறுப்பு குஸ்பிரியாந்தோவுடனேயே பாலிக்பாப்பன் போகும். அதைச் சலாத்திகாவை விட்டு நகர்த்த முடியாது என்றுதான் ஆறு ஆண்டுகள் மாற்றலை மறுத்தார்கள். அதைக் கடிதம் நினைவுகூரவில்லை, குஸும் நினைவூட்டவில்லை. முகத்துக்கு நேரே சொல்லுகிற வழக்கம் இங்கே இல்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2023 அக்டோபர் 5, மாலை ஆறு இருபது. அலுவலகக் கணக்கில் வியாழன், வாகே. வீட்டுக் கணக்கில் வெள்ளி, கிளிவோன்.